முகம் எரிகிறதா? அது பருவாகவே இருக்க வேண்டியதில்லை!

கல்லூரி நாட்களில்கூட எட்டிப்பார்க்காத பரு, முப்பது வயதைத் தாண்டிய பிறகு முகத்தில் வந்து உட்காருகிறது. அதுவும் முகம் முழுக்க அல்ல. இரண்டு கன்னம், மூக்கு, நடு நெற்றி, தாடை என்று குறிப்பிட்ட இடங்களில் மட்டும். வெயிலில் போய் வந்தால், அடுப்படியில் தாளித்து முடித்தால், அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் பேச வேண்டி வந்தால் கன்னம் குப்பென்று சூடாகிறது. சோப்பு போட்டால் காந்துகிறது. எதுவும் போடாமல் விட்டாலும் காந்துகிறது.

வீட்டில் "உஷ்ண உடம்பு, எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்பார்கள். அக்கம்பக்கத்தில் எலுமிச்சைச் சாறும் கஸ்தூரி மஞ்சளும் சொல்வார்கள். பியூட்டி பார்லரில் ஃபேஷியலும் பிளீச்சும் சொல்வார்கள். எதிலும் தீராமல் கடைசியில் மருந்துக்கடை. "முகத்துல பருவும் கறுப்புமா இருக்குண்ணே, ஒரு நல்ல க்ரீம் குடுங்க" என்று கேட்டால் ஒரு சின்ன ட்யூப் கைக்கு வரும். ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிடும். அந்தப் பளபளப்புதான் ஆபத்து. சில மாதங்களில் அந்த ட்யூப் இல்லாமல் வெளியே தலைகாட்ட முடியாத நிலை வந்துவிடும்.

இந்தப் பாதையில் நடந்த பெண்களும் ஆண்களும் தமிழ்நாட்டின் ஒவ்வொரு தோல் நோய்ப் பிரிவின் வரிசையிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆரம்பத்தில் வந்தது பருவே அல்ல. அதன் பெயர் ரோசேசியா. இன்னொரு பகுதியினருக்கு அந்த நோய் வந்திருக்கவே வேண்டியதில்லை. ட்யூப்தான் அதைக் கொண்டுவந்தது.

நம் நிறத்தில் ஒளிந்துகொள்ளும் நோய்

ரோசேசியா என்பது முகத்தின் நடுப்பகுதித் தோலில் வரும் நாள்பட்ட அழற்சி. உலக அளவில் பெரியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு இது இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. பெரும்பாலும் 30 வயதுக்கு மேல் தொடங்கும். பெண்கள் அதிகம் சிகிச்சைக்கு வருகிறார்கள். ஆண்களில் சிலருக்கு மூக்குத் தோல் தடித்துப் போகும் அளவுக்கு முற்றுகிறது. இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. உயிருக்கு ஆபத்தும் இல்லை. ஆனால், முற்றிலும் ஒழித்துக்கட்டும் மருந்தும் இல்லை. அடக்கி வைக்கலாம், ஆண்டுக்கணக்கில் தலைதூக்காமல் பார்த்துக்கொள்ளலாம்.

நெடுங்காலமாக இதை வெள்ளைக்காரர்களின் நோய் என்றே மருத்துவ உலகம் பேசிவந்தது. ரோஜா நிறத்தில் சிவந்த ஐரோப்பியக் கன்னங்களின் படங்களைத்தான் பாடநூல்கள் போட்டன. அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மாநிறமோ கறுப்போ ஆன ஒரு முகத்தைப் பார்த்தால் நோய் கண்ணில் படாது. நம் தோலில் உள்ள மெலனின் அந்தச் சிவப்பை மறைத்துவிடுகிறது. சிவப்புக்குப் பதிலாக மங்கிய பழுப்பாகவோ, லேசான ஊதா சாயலாகவோ, 'முகம் கறுத்துப்போச்சு' என்று நாம் சொல்லும் தோற்றமாகவோதான் அது தெரியும். உடனே வெயில் பட்டுக் கறுத்துவிட்டது என்றோ, மங்கு என்றோ முடிவு கட்டிவிடுகிறோம்.

அதனால் நம் நிறத்தவர்கள் கண்ணைவிட உணர்வை நம்ப வேண்டும். கன்னத்தில் திடீரென்று சூடு ஏறி இறங்குகிறதா? ஊசி குத்துவது போலவோ, மிளகாய் பட்டது போலவோ காந்துகிறதா? நேற்றுவரை ஒத்துக்கொண்ட க்ரீமும் சோப்பும் இன்று எரிகின்றனவா? முகம் வறண்டு இழுத்துப்பிடிக்கிறதா? இவை மாதக்கணக்கில் தொடர்ந்தால் ரோசேசியாவைச் சந்தேகிக்கலாம். மருத்துவர்கள் ஒரு கண்ணாடிச் சில்லைத் தோலில் அழுத்திப் பார்ப்பார்கள். ரத்தக்குழாய் விரிவால் வந்த நிறம் என்றால் அழுத்தும்போது வெளுக்கும், எடுத்ததும் திரும்பும். டெர்மாஸ்கோப் என்ற சிறு உருப்பெருக்கிக் கருவியில் மெல்லிய ரத்தக்குழாய்கள் வலை பின்னியது போலத் தெரியும்.

பருவிலிருந்து இதைப் பிரித்தறிய ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. பரு என்றால் கரும்புள்ளி, வெண்புள்ளி என்று துளை அடைத்த முளைகள் கூடவே இருக்கும். ரோசேசியாவில் சிவந்த கட்டிகளும் சீழ்க் கொப்புளங்களும் வரும். ஆனால், கரும்புள்ளி இருக்காது. இரண்டும் ஒரே முகத்தில் சேர்ந்தும் இருக்கலாம் என்பதால் இதை வைத்து நாமே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லூபஸ் என்ற நோயெதிர்ப்புக் கோளாறிலும் இரண்டு கன்னங்களும் மூக்கும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சி வடிவில் தடிப்பு வரும். அதில் பொதுவாகச் சீழ்க் கொப்புளம் இருக்காது. மூக்கின் ஓரத்திலிருந்து வாய் வரை இறங்கும் மடிப்பில் தடிப்பு படராமல் விட்டிருக்கும். முகத் தடிப்போடு மூட்டு வலி, வாய்ப்புண், முடி கொட்டுதல், காய்ச்சல், கால் வீக்கம் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது தோலோடு நிற்கிற நோய் அல்ல.

உள்ளே என்ன நடக்கிறது?

தோலில் உள்ள நரம்பு முனைகளில் வெப்பத்தை உணரும் ஒரு வாயில் இருக்கிறது. டிஆர்பிவி-1 என்று பெயர். சுடுநீர் பட்டாலும் இதுதான் திறக்கும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் பட்டாலும் இதுதான் திறக்கும். காரம் தின்றால் 'எரிகிறது' என்று நாம் சொல்வது உவமையே அல்ல, உடலுக்கு இரண்டும் ஒரே செய்தி. இந்த வாயிலைக் கண்டறிந்ததற்காகவே அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் 2021-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ரோசேசியா உள்ளவர்களின் தோலில் இந்த வாயில்கள் அதிகமாகவும் எளிதில் தூண்டப்படுபவையாகவும் இருக்கின்றன. மற்றவர்களுக்கு இதமாகத் தோன்றும் சூடு இவர்களுக்கு எரிச்சல். வாயில் திறந்ததும் நரம்புகள் ரத்தக்குழாய்களை விரியச் செய்கின்றன. கன்னத்தில் ரத்தம் பாய்கிறது.

அடிக்கடி விரிந்து விரிந்து சில குழாய்கள் பிறகு சுருங்குவதே இல்லை. முதலில் வந்து வந்து போன சிவப்பு அப்புறம் நிரந்தரமாகத் தங்கிவிடுவது அப்படித்தான்.

இரண்டாவது காரணம் நோயெதிர்ப்பில் இருக்கிறது. சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் காலோவின் குழு 2007-ல் ஒரு முக்கியமான உண்மையை வெளியிட்டது. கிருமிகளைக் கொல்வதற்காகத் தோல் தயாரிக்கும் கேத்தலிசிடின் என்ற புரதம் ரோசேசியா நோயாளிகளிடம் அளவுக்கு மீறியும் மாறுபட்ட துண்டுகளாகவும் இருக்கிறது. காவலுக்கு நிற்க வேண்டியது, சொந்தத் தோலையே தாக்கி அழற்சியை மூட்டுகிறது.

மூன்றாவதாக டெமோடெக்ஸ். கால் மில்லிமீட்டர் அளவுள்ள நுண்ணிய உண்ணி இது. முடிவேர்களிலும் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் குடியிருக்கும். பெரியவர்களில் பெரும்பாலோர் முகத்தில் இருப்பதுதான், சுத்தமில்லாததால் வருவது அல்ல. ரோசேசியா முகங்களில் இதன் எண்ணிக்கை கூடுகிறது, கூடினால் அழற்சியும் கூடுகிறது. 'முகத்தைச் சரியாகக் கழுவுவதில்லை' என்று இந்த நோயாளிகளைப் பார்த்துச் சொல்பவர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். அதிகம் கழுவியதாலும் தேய்த்ததாலும்தான் இவர்களில் பலருக்கு நோய் ஏறியிருக்கிறது.

காபியை விட வேண்டுமா?

இந்த நோய் என்று சொன்னதும் கைக்கு வரும் பட்டியல் நீளமானது. வெயில், வெந்நீர்க் குளியல், காரம், மது, கோபம், கவலை, கடுமையான உடற்பயிற்சி, குளிர்காற்று, சூடான பானம். எல்லாவற்றையும் விட்டுவிட்டால் வாழ்க்கையில் என்ன மிச்சம் என்று தோன்றும். எல்லாவற்றையும் விட வேண்டியதில்லை. ஒருவரைத் தூண்டுவது இன்னொருவரைத் தூண்டுவதில்லை.

காபியையே எடுத்துக்கொள்வோம். பல காலம் மருத்துவர்கள் காபியை நிறுத்தச் சொல்லிவந்தார்கள். ஜொனாதன் வில்கின் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1981-ல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளுக்குச் சூடான காபி, ஆறிய காபி, வெறும் வெந்நீர், காஃபீன் மட்டும் என்று தனித்தனியே கொடுத்துப் பார்த்தார். சூடான காபிக்கு முகம் சிவந்தது. வெறும் வெந்நீருக்கும் அதேபோல் சிவந்தது. ஆறிய காபிக்கும் காஃபீனுக்கும் சிவக்கவில்லை. குற்றவாளி சூடுதான். 2018-ல் ஜாமா டெர்மட்டாலஜி இதழில் வந்த இன்னொரு ஆய்வு, 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் செவிலியர்களின் பல ஆண்டு விவரங்களை அலசியது. காஃபீன் உள்ள காபியை அதிகம் குடித்தவர்களிடம் ரோசேசியா வரும் வாய்ப்பு குறைவாகவே இருந்தது. ஆகவே ஃபில்டர் காபிப் பிரியர்கள் டம்ளரையும் டபராவையும் தூக்கி வைக்க வேண்டாம். நாலு ஆற்று கூடுதலாக ஆற்றி, வெதுவெதுப்பான பிறகு குடித்தால் போதும்.

காரத்தில் அப்படித் தப்ப முடியாது. மேலே சொன்ன வாயிலை மிளகாய் நேரடியாகவே திறக்கிறது. காரக்குழம்பு சாப்பிட்டதும் கன்னம் எரிபவர்கள் மிளகாயைப் பாதியாகக் குறைத்துச் சில வாரம் கவனிக்கலாம். ரசத்தையும் சாம்பாரையும் ஆவி பறக்கச் சாப்பிடாமல் இருந்தாலே பலருக்கு வித்தியாசம் தெரியும்.

நம் ஊருக்கு உரிய தூண்டுகோல்கள் ஆங்கிலப் பட்டியல்களில் இருப்பதில்லை. காற்றோட்டமில்லாத அடுப்படி அவற்றில் முதலாவது. மூன்று வேளையும் அடுப்பின் முன்னால் நிற்கும் பெண்ணுக்கு, ஆண்டு முழுவதும் முகத்தில் அக்கினி நட்சத்திரம்தான். புகைபோக்கி விசிறி போடுவது, ஜன்னலைத் திறந்து வைப்பது, வேலைக்கு நடுவே ஒரு ஐஸ் துண்டை வாயில் வைத்துக் கரைப்பது ஆகியவை உண்மையிலேயே உதவும். வீட்டில் இருக்கும் ஆண்கள் சமையலில் ஒரு வேளையை எடுத்துக்கொள்வது அதைவிட உதவும். இதையும் நான் மருத்துவ ஆலோசனையாகவே சொல்கிறேன்.

அடுத்தது ஆவி பிடித்தல். சளிக்குப் போர்வை போர்த்தி ஆவி பிடிப்பதும், பார்லரில் ஃபேஷியலுக்கு முன் முகத்துக்கு ஆவி காட்டுவதும் இந்தத் தோலுக்குக் கேடு. தலைவலித் தைலம் மூன்றாவது. மெந்தாலும் கற்பூரமும் யூகலிப்டஸ் எண்ணெயும் கலந்த தைலத்தை நெற்றியிலும் மூக்கிலும் தேய்ப்பது எரிகிற தோலை மேலும் சீண்டும். ஆண்களுக்கு சலூன். சவரம் முடிந்ததும் படிகாரக் கட்டியால் தேய்த்து, மேலே ஸ்பிரிட் கலந்த ஆஃப்டர் ஷேவ் தெளிப்பார்கள். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எலுமிச்சை, தக்காளி, சர்க்கரை வைத்துத் தேய்ப்பது, பயத்தமாவால் அழுத்தித் தேய்ப்பது எல்லாம் இந்த முகத்துக்கு ஆகாது. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளித்துக் கறுத்துவிடுவதும் உண்டு. பாட்டி வைத்தியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. பாட்டிமார் ஆரோக்கியமான தோலுக்குச் சொன்னதை நோயுற்ற தோலில் செய்யக் கூடாது என்பதுதான் என் வேண்டுகோள்.

முகம் குப்பென்று சூடாவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் வரும் வெப்ப அலை அவற்றில் ஒன்று. ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் போன்ற சில மாத்திரைகள் ரத்தக்குழாயை விரிப்பதால் சிலருக்கு முகம் சிவக்கும். அதற்காக பிபி மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் சொன்னால் மாற்று இருக்கிறது.

ட்யூப் என்னும் பொறி

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

தோலில் பூசும் ஸ்டீராய்டு மருத்துவத்துக்குக் கிடைத்த வரம். 1952-ல் அமெரிக்க மருத்துவர்கள் சல்ஸ்பெர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்டிசோன் களிம்பு தோல் அழற்சியை அடக்குகிறது என்று காட்டியபோது, எக்ஸிமா நோயாளிகளின் வாழ்க்கையே மாறியது. அடுத்தடுத்து அதைவிடப் பல மடங்கு வீரியமுள்ள ஸ்டீராய்டுகள் வந்தன. கை, கால், முதுகில் பூச வேண்டியவற்றை மெல்லிய முகத் தோலிலும் பூசினார்கள். 1969-லேயே இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த மருத்துவர் இயன் ஸ்னெடன், ரோசேசியா முகத்தில் வீரிய ஸ்டீராய்டு பூசினால் நோய் மோசமாகிறது என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எச்சரித்தார். 1974-ல் ஃபிலடெல்பியாவின் ஆல்பர்ட் கிளிக்மன் குழு இந்த நிலைக்கு 'ஸ்டீராய்டு ரோசேசியா' என்றே பெயர் சூட்டியது.

அதே கிளிக்மன் அடுத்த ஆண்டு, 1975-ல், இன்னொன்றையும் வெளியிட்டார். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் கலந்து தோலின் கருநிறத்தைக் குறைக்கும் கலவை அது. மங்குக்கு மருத்துவர் கண்காணிப்பில், குறைந்த காலத்துக்குப் பூச வேண்டியது. இந்தியாவில் அந்தக் கலவை டெக்ஸாமெத்தசோனுக்குப் பதில் மொமெட்டாசோன் என்ற வீரிய ஸ்டீராய்டோடு, மருத்துவர் சீட்டு இல்லாமல், தெருவுக்குத் தெரு சிவப்பழகு க்ரீமாக விற்றுத் தீர்ந்தது. நூறு ரூபாய் அளவில் கிடைக்கும் ட்யூப். கல்யாணத்துக்கு முன்னால் மணப்பெண்கள் பூசினார்கள். பரீட்சை முடிந்த பையன்கள் பூசினார்கள். அக்கா பூசியதைத் தங்கை பூசினாள்.

பூசியதும் என்ன ஆகிறது? ஸ்டீராய்டு ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, அழற்சியை அமுக்குகிறது. முகம் வெளுத்துப் பளபளக்கிறது. தொடர்ந்து பூசினால் தோல் மெலிகிறது. உள்ளூர் எதிர்ப்பு சக்தி குறைவதால் டெமோடெக்ஸ் பெருகுகிறது. நிறுத்தினால், அமுங்கிக் கிடந்த குழாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விரிகின்றன. முகம் கனலாகிறது, கட்டிகளும் சீழும் கிளம்புகின்றன. பயந்துபோய் மீண்டும் பூசினால் உடனே அடங்குகிறது. 'இந்த க்ரீம்தான் என் முகத்துக்கு ஒத்துக்குது' என்று அவர்கள் நம்பத் தொடங்குவது அந்த நிமிடத்தில்தான். குடிநோயாளியின் நடுக்கம் அடுத்த கோப்பையில் அடங்குவதைப் போன்றது இது. இந்த நிலையைத் தனியாகப் பெயரிட்டு, 'ஸ்டீராய்டால் சேதமுற்ற, ஸ்டீராய்டைச் சார்ந்துவிட்ட முகம்' என்று உலக மருத்துவ இலக்கியத்தில் பதிவு செய்தவர்களே இந்தியத் தோல் மருத்துவர்கள்தான். அந்த அளவுக்கு இங்கே நோயாளிகள் பெருகியிருந்தார்கள்.

2011-ல் இந்தியத் தோல் மருத்துவர்களின் சங்க இதழில் வெளியான ஆய்வைப் படித்தால் மனம் பதைக்கும். நாடு முழுவதும் 12 மையங்களில் முகத் தோல் பிரச்னையோடு வந்த 2,926 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அதாவது ஏழு பேரில் ஒருவர். அந்த 433 பேரில் 126 பேர் அதைச் சிவப்பழகு க்ரீமாகவோ பொதுவான முக க்ரீமாகவோ பயன்படுத்தியவர்கள். 104 பேர் பருவுக்கு என்று பூசியவர்கள். 257 பேருக்கு அதைப் பரிந்துரைத்தது மருத்துவரே அல்ல. 392 பேருக்கு, பத்தில் ஒன்பது பேருக்கு, பக்கவிளைவு வந்திருந்தது.

அந்தச் சங்கம் தனியாகப் பணிக்குழு அமைத்துப் போராடியது. வெளிப்பூச்சு என்பதால் பல ஸ்டீராய்டுகள் சட்டத்தில் சலுகை பெற்றிருந்தன. 2018 மார்ச் மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு பூச்சுகளை மருந்துச் சட்டத்தின் 'எச்' அட்டவணைக்குள் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் வந்துவிட்டது, கடையில் கேட்டால் கிடைப்பது நிற்கவில்லை. இதில் மருந்துக் கடைக்காரர்களை மட்டும் குறை சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மாநிறமாகப் பிறந்த குழந்தையைப் பார்த்து 'கொஞ்சம் நிறம் கம்மிதான்' என்று உச்சுக்கொட்டும் வீடுகளும், 'சிவந்த நிறமுள்ள மணமகள் தேவை' என்று விளம்பரம் கொடுத்த குடும்பங்களும் அந்த ட்யூபை விற்றுக்கொடுத்திருக்கின்றன.

ஏற்கெனவே பழகிவிட்டவர்களுக்கு மிக முக்கியமான எச்சரிக்கை: இதைப் படித்த வேகத்தில் ட்யூபைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டாம். நிறுத்தியதும் சில நாட்களில் முகம் இதுவரை இல்லாத அளவுக்கு வெடிக்கும். அதற்குத் தயாராக, தோல் மருத்துவரின் துணையோடுதான் நிறுத்த வேண்டும். சிலருக்கு வீரியம் குறைந்த ஸ்டீராய்டுக்கு மாற்றிப் படிப்படியாகக் குறைப்பார்கள். சிலருக்கு ஸ்டீராய்டு அல்லாத களிம்பும் மாத்திரையும் கொடுத்து நிறுத்துவார்கள். தோல் பழைய நிலைக்கு வர வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அந்த நாட்களில் வீட்டார் 'முன்னாடியே நல்லா இருந்துச்சே' என்று சொல்லாமல் இருப்பதே பெரிய சிகிச்சை.

என்ன சிகிச்சை?

முன்பு ரோசேசியாவை நான்கு வகையாகப் பிரித்து வைத்திருந்தார்கள். 2017-க்குப் பிறகு, ஒருவர் முகத்தில் எந்த அறிகுறி இருக்கிறதோ அதற்கேற்ற மருந்து என்ற பார்வை வந்துவிட்டது. கட்டிக்கும் சீழுக்கும் மெட்ரோனிடசோல் ஜெல், அசெலாயிக் அமிலம், ஐவர்மெக்டின் க்ரீம் ஆகியவை முதல் வரிசை. ஐவர்மெக்டினைக் கண்டறிந்த சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்பெல்லும் 2015-ல் நோபல் பரிசு பெற்றவர்கள். யானைக்கால் நோய் ஒழிப்பில் பயன்படும் அதே மருந்து, இங்கே டெமோடெக்ஸையும் அழற்சியையும் ஒருசேரக் குறைக்கிறது. நம் நிறத்தவர்களுக்கு அசெலாயிக் அமிலத்தில் கூடுதல் நன்மை: கட்டி ஆறிய பின் தங்கும் கறுப்புத் தழும்பையும் அது மங்கச் செய்யும். பூச ஆரம்பித்த நாட்களில் சற்றுக் காந்தும்; அதற்குப் பயந்து விட்டுவிடக் கூடாது.

நோய் அதிகமாக இருந்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை. இது ஆன்டிபயாடிக்தான் என்றாலும், கிருமியைக் கொல்லும் அளவுக்குக் கீழே, நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற குறைந்த அளவில் அழற்சியை அடக்கவே தருகிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால் குறைந்த அளவு ஐசோட்ரெட்டினாயின். கருவுற்றிருப்பவர்களுக்கு இவ்விரண்டும் கூடாது. ஐசோட்ரெட்டினாயின் கருவைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால், அதைச் சாப்பிடும் பெண்கள் கருத்தரிக்காமல் இருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இவற்றில் எந்த மருந்தும் ஒரு வாரத்தில் வேலை செய்யாது. எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். ஒரு வாரத்தில் முகம் மாறிவிட்டது என்றால் அந்த ட்யூபில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

நிலைத்துவிட்ட ரத்தக்குழாய்களைக் களிம்பு அழிக்காது, லேசர்தான் வழி. இங்கே நம் நிறத்தவர்கள் இரட்டிப்பு எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். வெள்ளைத் தோலுக்கு அமைத்த அளவில் லேசரையோ ஐபிஎல் ஒளியையோ பாய்ச்சினால், நம் தோலின் மெலனின் அந்த ஆற்றலை வாங்கிக்கொண்டு வெந்துபோகும். கறுப்புத் திட்டு தங்கிவிடும். நீண்ட அலைநீளமுள்ள 1,064 நானோமீட்டர் லேசர் நம் தோலுக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. எதுவானாலும் மாநிறத் தோலில் பழகிய தோல் மருத்துவரிடம் மட்டும் செய்துகொள்ளுங்கள், பார்லரில் அல்ல.

அன்றாடப் பராமரிப்பில் குறைத்துக்கொள்வதே கலை. நுரை பொங்காத மென்மையான ஃபேஸ்வாஷ், வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். இந்த மூன்றே போதும். சாதாரணத் தண்ணீரில் விரல் நுனியால் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். சன்ஸ்கிரீனில் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், ஜிங்க் ஆக்ஸைடு அல்லது டைட்டானியம் டை ஆக்ஸைடு உள்ளதாகப் பாருங்கள். இவை வெள்ளை பூசியது போலத் தெரிகிறதே என்பவர்களுக்கு, அயர்ன் ஆக்ஸைடு சேர்த்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் இருக்கிறது; அது கறுப்புத் திட்டு வராமலும் காக்கும். புதிதாக எதை வாங்கினாலும் காதுக்குப் பின்னாலோ கழுத்தோரமோ சில நாள் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுவாருங்கள். கூடவே ஒரு சின்ன நோட்டில் அன்றைய வெயில், சாப்பாடு, மனநிலை, முகம் எப்படி இருந்தது என்று சில வாரம் குறித்துவந்தால், உங்களைத் தூண்டுவது எது என்பது உங்களுக்கே பிடிபடும். மருத்துவருக்கு அந்த நோட்டு பெரிய உதவி.

கண்ணையும் கேளுங்கள்

ரோசேசியா உள்ளவர்களில் கணிசமானோருக்குக் கண்ணும் பாதிக்கப்படுகிறது. சிலருக்கு முகத்துக்கு முன்பே. கண்ணில் மண் விழுந்தது போன்ற உறுத்தல், எரிச்சல், இமை ஓரம் சிவந்து தடிப்பது, அடிக்கடி கண்கட்டி வருவது ஆகியவை அறிகுறிகள். இமைகளில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டு, கண்ணீர் சீக்கிரம் உலர்ந்துவிடுவதுதான் காரணம். கம்ப்யூட்டர் பார்ப்பதால் வந்தது என்று விட்டுவிடுகிறோம். கவனிக்காமல் விட்டால் கருவிழி வரை போகலாம். பார்வை மங்கினாலோ, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண் கூசி வலித்தாலோ உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். அவரிடம் முகத்தில் இருப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில், இத்தாலிய ஓவியர் டொமெனிகோ கிர்லாண்டாயோ 1490-ஐ ஒட்டி வரைந்த ஒரு கிழவரின் படம் இருக்கிறது. மூக்கு முழுக்கக் கட்டி கட்டியாகத் தடித்திருக்கிறது. அவர் மடியில் ஏறிய பேரன், அந்த மூக்கைப் பொருட்படுத்தாமல் தாத்தாவின் முகத்தை அண்ணாந்து பார்க்கிறான். ரைனோஃபைமா என்று இன்று அழைக்கப்படும் மூக்குத் தடிப்பின் பழைய பதிவுகளில் அதுவும் ஒன்று என்று மருத்துவர்கள் சொல்வார்கள். இப்படி மூக்கு சிவந்து தடித்தவர்களை உலகம் நூற்றாண்டுகளாகக் குடிகாரர் என்றே முத்திரை குத்திவந்தது. மது சிலருக்கு முகத்தைச் சிவக்க வைக்கும் என்பது உண்மை. ஆனால், வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாதவர்களுக்கும் இந்த மூக்கு வருகிறது. அறுவை சிகிச்சையாலும் லேசராலும் அந்தத் தடிப்பைச் செதுக்கிச் சீராக்க முடியும்.

முகத்தில் வரும் நோய் மறைக்க முடியாதது. ரோசேசியா உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. 'என்னாச்சு முகத்துல?' என்று பஸ்ஸில் கேட்பவர், கல்யாண வீட்டில் கேட்பவர், லிஃப்டில் கேட்பவர் எல்லோருமே அக்கறையில்தான் கேட்கிறார்கள். கேட்கப்படுபவர் அன்று அதைக் கேட்கும் எத்தனையாவது குரல் அது என்று யாருக்கும் தெரியாது. தயவுசெய்து கேட்காதீர்கள்.

இந்த இதழைக் கீழே வைத்ததும் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் நிலைக்கண்ணாடி அருகே இருக்கும் முக க்ரீம் ட்யூபை எடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், ஃப்ளூட்டிகசோன் என்று 'சோன்' என முடியும் பெயரோ, குளோபெட்டசால் என்ற பெயரோ இருந்து, அதை எந்தத் தோல் மருத்துவரும் உங்கள் முகத்துக்கு எழுதித் தரவில்லை என்றால், அந்த ட்யூபோடு இந்த வாரமே போய் ஒருவரைப் பாருங்கள். தனியார் மருத்துவர் கட்டணம் கட்டுப்படியாகாதவர்களுக்கு, தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் புறநோயாளிகள் பிரிவு இருக்கிறது. அங்கே பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை.